ஐப்பசியிலும் பாருங்கள், தையிலும் பாருங்கள்: படகுத்துறையோடு ஆற்றங்கரை வீடு வாங்கும் முன்

ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஆற்றங்கரையாக ஒரு வீடு தேடுகிறோம் என்று அம்மாவிடம் போனில் சொன்னேன். விலை என்ன, எத்தனை அறை என்றெல்லாம் அவர் கேட்கவில்லை. "ஐப்பசி மாசம் ஒரு தடவ போய்ப் பாத்துட்டு அப்புறம் வாங்கு பாப்பா" என்றார். அம்மாவுக்குச் சொந்த ஊர் திருவையாறு. பிறந்த வீட்டுக் கொல்லையிலிருந்து நாலு படி இறங்கினால் காவிரி. அங்கே யாரும் சித்திரையில் ஆற்றைப் பார்த்துவிட்டு மனை வாங்க மாட்டார்கள்.

ஃபுளோரிடாவுக்கும் ஐப்பசிக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு நினைத்தேன். இரண்டு வருடத் தேடலில் கற்றதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் அம்மா சொன்ன அந்த ஒரு வரிதான் வருகிறது. நான் அதனுடன் சேர்க்க விரும்புவது இன்னொன்று மட்டும்: தை மாதத்திலும் போய்ப் பாருங்கள். ஆற்றின் உச்சத்தையும் அடியையும் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டலாம். வாசலில் நிற்கும் தண்ணீரை மாற்ற முடியாது.

ஆறு எப்படி நடந்துகொள்கிறது

ஜாக்சன்வில் வழியே கடலுக்குப் போகும் செயின்ட் ஜான்ஸ், தெற்கிலிருந்து வடக்கே ஓடும் ஆறு. நீளம் 310 மைல். ஆனால் தொடங்கும் சதுப்புக்கும் கடலுக்கும் இடையே உயர வித்தியாசம் 30 அடிகூட இல்லை. அதனால் ஓட்டம் மிக மெதுவு, கடல் தாராளமாக உள்ளே ஏறி வரும். முகத்துவாரமான மேபோர்ட்டில் தண்ணீர் ஒரு நாளில் நாலு அடிக்கு மேல் ஏறி இறங்கும். நாங்கள் இருக்கும் மாண்டரின் பக்கம் அந்த ஏற்ற இறக்கம், அதாவது ஓதம், ஓர் அடிகூட இருக்காது. ஆகவே புதிதாக வருகிறவர்கள், "இங்கே ஓதம் ஒன்றும் பெரிதில்லை, எப்போது பார்த்தாலும் ஒன்றுதான்" என்று நினைத்துவிடுகிறார்கள்.

எங்கள் பக்கம் தண்ணீரை நகர்த்துவது காற்று. செப்டம்பர் கடைசியிலிருந்து நவம்பர் வரை வடகிழக்குக் காற்று நாலைந்து நாள் விடாமல் அடித்தால், கடல்நீர் ஆற்றுக்குள் தள்ளப்பட்டுத் திரும்ப வழியில்லாமல் நிற்கும். வருடத்தில் கடல்மட்டமே உயர்ந்திருக்கும் காலமும் அதுதான். ஊரில் நமக்கு வடகிழக்குப் பருவமழை கொட்டும் அதே நாட்கள். அம்மா சொன்ன ஐப்பசி இங்கேயும் ஐப்பசிதான். ஜனவரி, பிப்ரவரியில் எல்லாம் தலைகீழ். குளிர்க்காற்று மேற்கிலிருந்து வீசி ஆற்றைக் கடல் பக்கம் தள்ளிவிடும், கடல்மட்டமும் தாழ்ந்திருக்கும். அந்த நாட்களில் சில படகுத்துறைகளின் கீழே சேறு மின்னும்.

முதல் வீட்டில் நாங்கள் கற்றது

முதலில் எங்கள் மனதைப் பறித்த வீட்டுக்கு வெள்ளைப் பளிங்கு அடுக்களை, மேற்கு பார்த்த வராந்தா. அக்டோபர் மாத மாலையில் போய்ப் பார்த்தோம். துறையின் நுனியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. விளம்பரத்தில் 'ஐந்தடி ஆழம்' என்று போட்டிருந்தார்கள். அங்கே இங்கே இழுத்து, ஜனவரியில்தான் பேரம் படிந்து ஒப்பந்தம் போட்டோம்.

குளிர்க்காற்று வீசிய ஒரு சனிக்கிழமை காலை ஒரு பிவிசி குழாயில் அங்குலம் அங்குலமாகக் கறுப்பு டேப் சுற்றி எடுத்துக்கொண்டு போனேன். துறையின் நுனியில் இறக்கினேன். ஓர் அடி பத்து அங்குலம். அழுத்தியபோது குழாய் இன்னும் ஓர் அடி தானாக இறங்கியது. வெளியே இழுத்தால் கறுப்புச் சேறு, அழுகிய இலை வாசம். படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கி வைக்கும் லிஃப்ட் ஒன்று அங்கே இருந்தது. அதில் தொங்கிய, விற்பவரின் படகை அன்றைக்குக் கீழே இறக்கினால் சேற்றில்தான் உட்கார்ந்திருக்கும். ஒப்பந்தத்தில் பரிசோதனைக்கென்று 15 நாள் இருந்தது, அதற்குள் விலகிக்கொண்டோம். முன்பணம் திரும்பியது. பரிசோதகருக்கும் சர்வேயருக்கும் கொடுத்தது மட்டும் போயிற்று. அந்தப் பணத்தை நான் இன்றைக்கும் நஷ்டமாகக் கணக்கு வைக்கவில்லை.

ஆகவே ஆழத்தை நீங்களே அளந்து பாருங்கள். யார் வாய்ச்சொல்லையும் நம்பாதீர்கள். துறையின் நுனியில் ஒரு தடவை, லிஃப்டுக்குக் கீழே நாலு மூலையிலும் ஒவ்வொரு தடவை, அங்கிருந்து ஆழமான தண்ணீர் வரை படகு போகும் வழியில் பத்தடிக்கு ஒரு தடவை. கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். துறையடியில் நாலு அடி இருந்து, நூறு அடி தள்ளி ஒரு மணல்திட்டு இருந்தால் என்ன பிரயோசனம்?

அளந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்து ஆற்று மட்டத்தைப் பாருங்கள். மாண்டரின் பக்கம் ஆற்றைக் கடக்கும் பக்மன் பாலத்தில், அமெரிக்க அரசின் கடல், வானிலை அமைப்பான நோவாவின் நீர்மட்ட அளவி இருக்கிறது, இணையத்தில் எவரும் பார்க்கலாம். இன்றைய மட்டம் சராசரித் தாழ்மட்டத்தைவிட ஓர் அடி மேலே என்றால், நீங்கள் அளந்த ஆழத்திலிருந்து அந்த ஓர் அடியைக் கழியுங்கள். குளிர்காலக் காற்றுக்கென்று இன்னும் ஓர் அடி கழியுங்கள். மிஞ்சுவதுதான் உங்கள் ஆழம். எங்கள் 22 அடிப் படகுக்கு இன்ஜினை இறக்கியபின் இரண்டரை அடி வேண்டும். லிஃப்டின் தொட்டில் படகின் அடியைவிடக் கீழே இறங்கினால்தான் படகு மிதந்து வெளியே வரும். அதனால் மூன்றரை, நாலு அடிக்குக் குறைந்த இடத்தை நாங்கள் அப்புறம் திரும்பிப் பார்க்கவில்லை. "ஆழம் போதாவிட்டால் தூர் வாரிக்கொள்ளலாம்" என்று ரியல்டர் (வீட்டுத் தரகர்) சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். புதிதாக ஆற்றுப் படுகையைத் தோண்ட அனுமதி கிடைப்பது குதிரைக்கொம்பு.

கரை எந்தத் திசை பார்க்கிறது என்பதும் முக்கியம். பக்மன் பாலத்தருகே ஆற்றின் அகலம் மூன்று மைல். கிழக்குக் கரையில் வீடு வாங்கினால் அஸ்தமனம் உங்களுக்கு, குளிர்கால வடமேற்குக் காற்றின் அலையும் உங்களுக்கு. மேற்குக் கரைக்கு வடகிழக்குக் காற்று. அலை தொந்தரவே வேண்டாம் என்றால் ஓடைக்குள் வாங்கலாம். ஆனால் ஓடைக்கும் ஆற்றுக்கும் நடுவே பாலம் இருக்கிறதா, அதன் அடியில் உங்கள் படகு நுழையுமா என்று பார்த்துவிடுங்கள்.

வெள்ளம் எதுவரை வந்தது

2017 செப்டம்பர் 11 அன்று இர்மா புயல் இந்த ஊரை உலுக்கியது. முன்பே வடகிழக்குக் காற்றில் நிரம்பியிருந்த ஆற்றில் புயலின் நீரும் மழைநீரும் சேர, நகரின் நடுவிலேயே அதுவரை பதிவாகாத உயரத்துக்குத் தண்ணீர் ஏறியது. நாங்கள் வாங்கியது 2019-இல். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் இர்மாவின் தடத்தைத் தேடினோம்.

தடம் இருக்குமிடம் கராஜ். வரவேற்பறைக்கு எல்லோரும் வண்ணம் பூசிவிடுவார்கள், கராஜில் வாட்டர் ஹீட்டருக்குப் பின்புறம் யாரும் மெனக்கெட மாட்டார்கள். ஒரு வீட்டில் அங்கே டார்ச் அடித்துப் பார்த்தேன். தரையிலிருந்து நாலடி உயரம்வரை சுவர்ப்பலகை புதியது, திருகாணிகள் பளபளவென்று இருந்தன. அதற்கு மேலே பழைய பலகை, ஆணித்தலைகளில் துரு. நடுவே சுவர் முழுக்க ஒரே நேர்கோடாக ஒட்டு. வெள்ளத்தில் ஊறிய பலகையை நாலடிக்கு வெட்டி எடுத்துவிட்டுப் புதிது வைப்பதுதான் இங்கே வழக்கம். அந்தக் கோடு தெரிந்தால் கேள்வியைக் கேளுங்கள்.

இன்னொரு வழி பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது. நாங்கள் கடைசியில் வாங்கிய வீட்டின் அண்டைவீட்டுக்காரர் எழுபது வயதுப் பெரியவர். "இர்மாவில் தண்ணீர் எங்கே நின்றது?" என்று கேட்டதும், எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஓக் மரத்தின் அடியில் முடிச்சுப் போலப் புடைத்திருந்த இடத்தைக் காட்டினார். அங்கிருந்து வீட்டின் தரைமட்டத்துக்கு இன்னும் இரண்டடிக்கு மேல் உயரம் இருந்தது. எந்தச் சான்றிதழைவிடவும் அந்த மரம் எனக்குத் தெம்பு கொடுத்தது. சான்றிதழும் வேண்டும்தான்: தரைமட்டத்தின் உயரத்தைக் காட்டும் எலிவேஷன் சர்ட்டிஃபிகேட்டை விற்பவரிடம் கேளுங்கள், இல்லையென்றால் சர்வேயரை வைத்து எடுங்கள். 2024 அக்டோபர் 1 முதல் ஃபுளோரிடாவில் வீடு விற்பவர், வெள்ள இன்ஷூரன்ஸில் இழப்பீடு கோரியிருக்கிறாரா, வெள்ளத்துக்காக அரசு உதவி பெற்றிருக்கிறாரா என்று ஒப்பந்தத்துக்கு முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தப் படிவத்தைக் கையில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

வெள்ள இன்ஷூரன்ஸ் வீட்டு இன்ஷூரன்ஸில் அடங்காது, தனியாக எடுக்க வேண்டும். அரசுத் திட்டத்தில் வீட்டுக்கு உச்சவரம்பு 2,50,000 டாலர், உள்ளே இருக்கும் பொருளுக்கு 1,00,000. ஆற்றங்கரை விலைக்கு இது பல நேரம் போதாது, மேலதிகமாகத் தனியாரிடம் எடுக்க வேண்டி வரும். பாலிசி எடுத்து 30 நாள் கழித்துத்தான் அது உயிர்பெறும். வீட்டுக் கடனோடு சேர்த்து எடுத்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. விற்பவரிடம் ஏற்கெனவே அரசுப் பாலிசி இருந்தால் அதை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியும், சில நேரம் கட்டணம் கணிசமாகக் குறையும். முக்கியமாக ஒன்று: படகுத்துறை, கரைச்சுவர் எதையும் அந்தப் பாலிசி தொடாது. 2022-இல் இயான் புயல் எங்கள் துறையின் பலகைகளில் பாதியைக் கொண்டுபோனது. முழுக்க எங்கள் கைக்காசு. அதற்கென்று ஒரு தொகையைத் தனியாகப் போட்டு வைக்கத் தெரிந்தவர்கள்தான் இந்த வீட்டை வாங்க வேண்டும்.

துறை யாருடையது

நம்மவர்களுக்கு இது புதிதாக இருக்கும். வீடு உங்களுடையது, புல்தரை உங்களுடையது, ஆற்றுக்கு அடியில் இருக்கும் நிலம் மாநில அரசுடையது. 1845-இல் ஃபுளோரிடா மாநிலமானபோதே அது மாநிலத்தின் கைக்கு வந்துவிட்டது. ஓதம் ஏறும் ஆறுகளில் சராசரி உயர்மட்டக் கோடுதான் எல்லை. கரையில் நிலம் வைத்திருப்பவருக்குத் தண்ணீருக்குப் போய்வரும் உரிமை, படகு விட, குளிக்க, மீன் பிடிக்க உரிமை உண்டு. துறை அந்த உரிமையின் பேரில், அரசின் நிலத்தின்மேல், விதிகளுக்குட்பட்டு நிற்கிறது. பத்திரத்தில் வீடு உங்கள் பெயருக்கு வந்துவிட்டால் துறைக்கும் அனுமதி இருக்கிறது என்று அர்த்தமில்லை.

பொதுவாக 1,000 சதுர அடிக்கு உட்பட்ட தனி வீட்டுத் துறைக்கு மாநிலச் சுற்றுச்சூழல் துறையின் அனுமதியிலிருந்து விலக்கு உண்டு. விசேஷப் பாதுகாப்புப் பெற்ற நீர்நிலை என்றால் 500 சதுர அடி. அது மட்டுமே போதாது. 1899-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி படகோடும் ஆற்றில் எதைக் கட்டினாலும் அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையின் அனுமதியும் வேண்டும். உள்ளூர் கட்டட அனுமதி தனி. ஆற்றில் உங்கள் பக்கத்தையும் பக்கத்து வீட்டார் பக்கத்தையும் பிரிக்கும் நீர் எல்லையிலிருந்து, துறை பொதுவாக 25 அடி விலகியிருக்க வேண்டும். கரை வளைந்திருந்தால் அந்த எல்லையை வேலிக்கோட்டை நேராக நீட்டிப் பார்த்துச் சொல்ல முடியாது. இதற்கென்று அனுபவமுள்ள சர்வேயரிடம் நீர் எல்லையையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள்.

எங்கள் வீட்டில் துறையின் நுனி மேடையை முந்தைய உரிமையாளர் கூரையோடு பெரிதாக்கியிருந்தார். 1990-களின் அனுமதி வரைபடத்தை வாங்கி, டேப் வைத்து அளந்து பார்த்தபோது இரண்டும் ஒத்துப்போகவில்லை. அனுமதியைச் சரிசெய்து கொடுத்தால்தான் வாங்குவோம் என்று எழுதிக் கேட்டோம். ஏழு வாரம் தள்ளிப்போனது. அந்த ஏழு வாரமும் வீட்டில் சண்டை, "விட்டுடலாம், அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் கணவர். நான் விடவில்லை. வாங்கிய மறுநாளே அந்தத் தவறு நம் தவறாகிவிடும், அபராதமும் இடிப்பும் நம் தலையில்தான் விழும்.

மரம், சுவர், லிஃப்ட்

சாதாரண வீட்டுப் பரிசோதகர் துறையைப் பார்க்க மாட்டார், அறிக்கையிலும் எழுத மாட்டார். துறை கட்டுகிற ஒப்பந்ததாரர் ஒருவரைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போங்கள். அவருக்கு முன்னால் நீங்களே ஒரு திருப்புளியோடு நடக்கலாம். தூண்களில் தண்ணீர் ஏறி இறங்கும் பகுதியைக் குத்திப் பாருங்கள், அங்கேதான் முதலில் இளகும். மணல்கடிகாரம் போல இடுப்பு சிறுத்த தூண் என்றால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கடலை நெருங்க நெருங்க, உப்பு கூடக் கூட, மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுவின் தொல்லையும் கூடும். அந்தப் பக்கம் தூண்களுக்கு பிளாஸ்டிக் உறை சுற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

அதைவிடச் செலவு வைப்பது பல்க்ஹெட், அதாவது கரைச்சுவர். சுவரைப் பார்க்காதீர்கள், சுவருக்குப் பின்னால் இருக்கும் புல்லைப் பாருங்கள். அங்கங்கே பள்ளம், கால் வைத்தால் அமுங்கும் மண், புதிதாக மணல் கொட்டி நிரப்பிய இடம் இருந்தால், சுவரின் இடுக்கு வழியாக உங்கள் மனை ஆற்றுக்குள் கசிந்துகொண்டிருக்கிறது. சுவரின் மேல்விளிம்பில் கண்ணை வைத்து நீளவாக்கில் பாருங்கள், நடுவில் ஆற்றுப் பக்கம் வயிறு தள்ளியிருந்தால் பின்னால் இழுத்துப் பிடிக்கும் கம்பிகள் போய்விட்டன. சுவரை அடிக்கு இவ்வளவு என்றுதான் விலை சொல்வார்கள். நூறு அடி முகப்பு என்றால் நூறு தடவை அந்த விலை.

லிஃப்டில் எழுதியிருக்கும் எடையையும் உங்கள் படகின் எடையையும் ஒப்பிடும்போது பெட்ரோலைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலன் ஒன்றுக்கு ஆறு பவுண்டு. நூறு காலன் டேங்க் நிரம்பினால் 600 பவுண்டு.

மின்சாரம்

எனக்கு இரண்டு பிள்ளைகள். அதனால் இதை மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். லிஃப்டுக்கும் விளக்குக்கும் துறைக்கு மின்சாரம் போகிறது. எங்காவது கம்பி உரிந்து தண்ணீரில் கசிந்தால் கண்ணுக்குத் தெரியாது. நல்ல தண்ணீரைவிட மனித உடம்பு மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். கசிவு இருக்கும் இடத்தில் ஒரு பிள்ளை நீந்தினால் மின்சாரம் உடம்பு வழியே போகும். தசைகள் இறுகிக் கை கால் அசையாது, நீச்சல் தெரிந்த பிள்ளையும் மூழ்கிவிடும். காப்பாற்றக் குதிப்பவருக்கும் அதே கதி.

படகுத்துறை வேலை தெரிந்த எலக்ட்ரீஷியனை வைத்து முழு இணைப்பையும் சோதியுங்கள். கசிவு வந்த நொடியே துண்டிக்கும் பிரேக்கர் இருக்கிறதா, அழுத்திப் பார்த்தால் விழுகிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். எங்கள் துறையில் அது இருக்கவே இல்லை. குடிபுகுந்த முதல் வாரத்தில் முதல் வேலையாக அதைப் போட்டோம். அப்படியிருந்தும் எங்கள் பிள்ளைகள் மின்சாரம் உள்ள எந்தத் துறையின் அருகிலும் நீந்துவதில்லை. யாராவது தத்தளித்தால் குதிக்காதே, ஓடிப்போய் மெயினை அணை, மிதவையைத் தூக்கிப் போடு என்று சொல்லி வைத்திருக்கிறோம். மெயின் பெட்டி எங்கே என்று வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்கும் காட்டுவேன்.

மற்றவை

ஆற்றோரப் பழைய வீடுகளில் பல இன்னும் செப்டிக் டேங்கில்தான் ஓடுகின்றன. திறந்து, உறிஞ்சி, சோதித்துப் பாருங்கள். கோடையில் ஆற்றில் பச்சைப் பாசி படரும், 2005-இல் ஊரே பேசும் அளவுக்குப் படர்ந்தது. அந்த நாட்களில் வராந்தாவில் உட்கார முடியாது, நாய் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கூடாது. நம் ஊர் ஏரிகளை மூடும் அதே ஆகாயத்தாமரை இங்கேயும் உண்டு, 1890 வாக்கில் யாரோ அழகுக்குக் கொண்டுவந்து விட்டது. காற்றடித்தால் கூட்டமாக மிதந்து வந்து துறையை அடைத்துக்கொள்ளும், ஒரு நீளக் கொக்கி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடற்பசு மேயும் ஆறு இது. கரையோரம் படகை மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும், பலகை வைத்திருப்பார்கள்.

சொத்து வரிக்கு விற்பவரின் ரசீதைக் காட்டினால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக் குடியிருப்புச் சலுகை உள்ள வீட்டின் வரி மதிப்பு இங்கே வருடத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் ஏறாது. கைமாறியதும் அடுத்த ஜனவரியில் சந்தை விலைக்குத் தாவிவிடும். இருபது வருடம் ஒருவரே இருந்த வீடு என்றால் உங்கள் வரி அவர் கட்டியதைப் போல இரண்டு மூன்று மடங்காகலாம்.

சாவி வாங்கும் நாளில், சாவியோடு துறையின் அனுமதிக் கடிதங்கள், வரைபடம், பழைய சர்வே, லிஃப்டின் கையேடு, எலிவேஷன் சர்ட்டிஃபிகேட் எல்லாம் ஒரே உறையில் கைக்கு வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அப்புறம் முதல் வேலையாக ஓர் அளவுகோல் வாங்கித் துறையின் கடைசித் தூணில் அறையுங்கள். எங்களுடையது ஆறடி நீளம். காலையில் காபியோடு போய் அதைப் பார்த்துவிட்டு வருவேன், எண்ணை அம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவேன். ஐப்பசி பிறந்தால் அம்மாவே முந்திக்கொண்டு கேட்டுவிடுகிறார்: "இன்னைக்குத் தண்ணி எவ்வளவு நிக்குது பாப்பா?"